இரண்டு விரல் இடைவெளி

தம்பியின் வலது உள்ளங்கையில்தான் அவள் தன் இரண்டு விரல்களை வைத்திருந்தாள். ஆனால் சுவரோரம் கிடந்த அவனுடைய இடது கையும் மூடியிருந்தது. முழுதாக அல்ல, நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு.

பதினோரு வருடமாக இந்த வார்டில் நர்ஸ். ஊருக்கெல்லாம் சிஸ்டர், இவன் ஒருவனுக்குத்தான் அக்கா. பைக்கிலிருந்து விழுந்து மூன்று நாளாகிறது, கண் திறக்கவில்லை. "சொல்றதைக் கேட்டுச் செய்யறானான்னு பாருங்க. செஞ்சா ஆபரேஷன். இல்லேன்னா அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். பத்து மணிக்கு வருவார்.

"பிடிடா."

பிடித்தான். அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. தூங்கும் கைக்குழந்தைகூடப் பிடிக்கும். சொன்னதும் விட வேண்டும், அதுதான் முக்கியம்.

"விடுடா. அக்கா சொல்றேன்ல."

விடவில்லை. சுவரோரம் இருந்த கைதான் விரிந்தது.

தற்செயல் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆக்சிஜன் சீறும் சத்தமும், ஸ்பிரிட்டும் ஈரத்துணியும் கலந்த வாடையும், காலை வெயிலில் திரைச்சீலை தரையில் போட்ட நிழலும் எப்போதும்போலத்தான் இருந்தன, ஆனால் அந்தக் கை மூடி, நிதானமாக விரிந்து, மறுபடி மூடியது, யாரோ பொறுமையாகச் சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்வதுபோல. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜாண்கூட இல்லை.

அவனுடைய இடது இமை மேலே போனது. தானாகத் திறக்கும் கண் அப்படித் திறக்காது. இமையின் தோல் ஒரு கட்டைவிரலுக்கு அடியில் சுருங்குவதுபோல் மடிந்தது. டார்ச் அடித்ததுபோல் கண்மணி சிறுத்தது. அவளுடைய டார்ச் பையில் இருந்தது.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் தம்பி இல்லை.

டாக்டர் வந்தார். வலது கையைப் பிடித்துப் பார்த்தார். "விடுப்பா. தம்பி, விடு." இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சார்ட்டை மூடினார்.

"ஒரு நிமிஷம் சார்."

சுவரைப் பார்த்துக் குனிந்தாள். வெட்கம், பயம் எல்லாம் போய்விட்டது. "யாரா இருந்தாலும் சரி. நீங்க சொன்னாத்தான் கேக்கறான். சொல்லுங்க. பதிலுக்கு என்ன வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"யார்கிட்ட பேசறீங்க சிஸ்டர்?"

வலது கை விரிந்தது.

டாக்டர் திகைத்தார். மறுபடி சொன்னார். பிடித்தான். விட்டான். "தியேட்டருக்கு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே விரைந்தார். அவள் அழுதாள். சிரித்தாள். இரண்டு பேர் வந்து கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நீங்க வரலியா சிஸ்டர்?" என்று ஒருவன் வாசலில் நின்று கேட்டான்.

ஒரு அடி வைத்தாள். நகர முடியவில்லை.

தொங்கிய கையில் ஏதோ இருந்தது. சில்லென்று. இரண்டு விரல்.

அவள் கை மூடிக்கொண்டது. அவள் மூடவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. சக்கரச் சத்தம் தேய்ந்தது.

தன் கையைப் பார்த்து, "விடு" என்றாள்.

அது கேட்கவில்லை.