தண்ணியை எடுத்துடு

திரையில் தண்ணீர் விலகி நின்றது.

பிற்பகல் மூன்று மணி. பெரிய கணினிகளை அடுக்கி வைத்திருந்த பக்கத்து அறையின் குளிர் கதவிடுக்கு வழியாக வந்து அவள் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தது. அவற்றின் விசிறிச் சத்தம், நின்றால்தான் காதில் விழும் என்கிற அளவுக்கு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வெறிநாய்க்கடி வைரஸ் தன்னைப் படியெடுத்துப் பெருகுவதற்கு வைத்திருக்கும் புரதம் திரையின் நடுவில் மெல்லச் சுழன்றது. அதில் ஒரு குழி. அந்தக் குழியை ஒரு மருந்து அடைத்துக்கொண்டால் வைரஸ் பெருகாது. இன்னும் யாரும் தயாரிக்காத நாற்பதாயிரம் மருந்துகளைக் கணினியிலேயே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, எட்டு மாதம் கழித்து ஒன்று சிக்கியிருந்தது. இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தது அது.

பொருத்திப் பார்க்கும்போது தண்ணீர் இருக்கக் கூடாது. குழிக்குள் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் நீரையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வேலையே தொடங்கும். ஆய்வகத் தலைவர் காலை வணக்கத்துக்குப் பதிலாக, "தண்ணியை எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். மருந்து சிக்கிய பிறகு தண்ணீரைத் திரும்ப விட வேண்டும். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அதற்குள்ளும் மருந்து பிடியை விடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

விட்டாள். நீர் புரதத்தின் பக்கமே வரவில்லை. சுற்றிலும் ஒரு வெற்று வளையம், காய்ந்துபோன ஒரு இடைவெளி. எங்கோ கணக்கில் கோட்டை விட்டிருக்கிறோம் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். இரண்டாவது முறை வளையம் இன்னும் அகலமாக இருந்தது. மூன்றாவது முறை நீர் முழுவதும் கணினி வரைந்திருந்த பெட்டியின் ஓரங்களில் போய் ஒட்டிக்கொண்டது.

தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னம்மா இது? இந்த நோய் வந்தா ஆளுதான் தண்ணிக்குப் பயப்படுவான். இங்க தண்ணியே பயந்து ஓடுது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்தே அவளை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுவான். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் வைத்தால் போதும், தலைவரின் கட்டைக் குரலில், "தண்ணியை எடுத்துடு, விஞ்ஞானி" என்று கிண்டல் செய்வான். ஆறு வருடமாக அதே நகைச்சுவை, சலிக்கவே சலிக்காது அவனுக்கு.

நேற்று முன்தினமும் சொன்னான். தலைவரின் குரலில் இல்லை, தன் குரலில். அவள் சிரித்துக்கொண்டே டம்ளரை நகர்த்தி வைத்தாள். நேற்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கழுத்தைப் பிடித்தபடி சொன்னான். "எடுத்துடு." அதற்கும் சிரித்தாள். இன்று காலை மின்விசிறியை நிறுத்தச் சொன்னான், காற்று முகத்தில் அறைகிறதாம்.



மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாய்க்குட்டி. லிஃப்டுக்கு அடியில் விழுந்து கத்திக்கொண்டிருந்ததை இவன்தான் இறங்கித் தூக்கினான். தூக்கும்போது விரலில் பல் கீறியது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் மறுநாளே போய் ஊசி போட்டுக்கொண்டான். மற்ற ஊசிகளையும் போட்டாயிற்று என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்கவில்லை. ஊருக்கே மருந்து தேடுகிறவள், வீட்டில் ஒரு சீட்டைக் கேட்கவில்லை.

அவனைப் போனில் கூப்பிட்டாள். எட்டு தடவை அடித்த பிறகுதான் எடுத்தான்.

"சொல்லு." குரல் வறண்டிருந்தது.

"விரல் எப்படி இருக்கு?"

"அரிக்குது. நாலு நாளா ஒரே அரிப்பு."

"ஊசி எல்லாம் போட்டதானே?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் விக்கல் மாதிரி ஏதோ ஒன்று அதை வெட்டியது.

"முதல் ஊசி போட்டேன். அப்புறம் வேலைக்கு நடுவுல விட்டுப்போச்சு. குட்டி நல்லாத்தான் ஓடுச்சு... நீ திட்டுவேன்னு போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உன் பக்கம் தண்ணி சத்தம் கேக்குது" என்றான். "நிறைய தண்ணி. அதை எடுத்துடேன்."

அவள் மேசையில் தண்ணீரே இல்லை. திரையில் மட்டும் நீர் ஓரங்களில் ஒண்டிக்கொண்டு நடுங்கியது. போன் துண்டிக்கப்பட்டது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம், சிக்கிய மருந்துக்குப் பட்டியலில் இருந்த எண்ணையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அது எந்தக் குப்பியிலும் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. வெறும் படம். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயை நிறுத்த எதுவுமே இல்லை என்று ஆய்வகத்தின் அறிக்கையில் முதல் வரியாக எழுதியவளே அவள்தான்.

ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டு மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் கால் நின்றது.

வாசலில் பாத்திரங்கள். வாளி, குடம், ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்கள், பல் துலக்கும் குவளை, பூச்சாடி. வீட்டில் இருந்த தண்ணீர் மொத்தமும் ஒவ்வொன்றின் மேலும் துணி போர்த்தி வெளியே வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே புழுக்கம். சாத்திய ஜன்னல்கள். வியர்வையும் இரும்பும் கலந்த ஒரு வாடை. குளியலறைக் கதவின் அடியில் துண்டுகள் திணிக்கப்பட்டிருந்தன. குழாய் சொட்டும் சத்தம்கூட இல்லை.

படுக்கையறை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அவன்.

"வந்துட்டியா?" என்றான். எப்போதும் போல. பிரியமாக. விழுங்க முடியாத எச்சில் தாடையிலிருந்து நூலாக இறங்கியது. "எல்லாத்தையும் வெளிய வெச்சுட்டேன். இனி ஒண்ணுமில்ல."

அவள் மெல்லப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"ரொம்பத் தாகமா இருக்கு" என்றான்.

"தெரியும்பா."

"நீ மருந்து கண்டுபிடிச்சுட்டேல்ல? நேத்துகூட ஒண்ணு சிக்கிருச்சுன்னு சொன்னியே."

"கண்டுபிடிச்சுட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. உடம்பு தளர்ந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டினான். சூடான கை. நம்பிக்கையான கை. அதற்குமேல் அவளால் முடியவில்லை. கண் நிறைந்தது.

அவன் கை பாதியில் நின்றது.

பார்வை அவள் கன்னத்தில் இருந்தது. அங்கே கண்ணீர் இறங்க இறங்க, அவன் கண்களும் இறங்கின. தொண்டை வெட்டி இழுத்தது. குதிகாலால் தரையை உதைத்து உதைத்துப் பின்னால் போனான். பின்னால் இடமில்லை. முதுகு சுவரில் மோதியது. மறுபடி மோதியது.

"வேண்டாம்" என்றான். "கிட்ட வராதே."

அவள் துடைத்தாள். இரண்டு கையாலும் துடைத்தாள். வந்துகொண்டே இருந்தது.