சாக்பீஸ் பாதங்கள்

"துணியைக் கீழ போடுங்க மாப்ள! அந்தக் கோட்டைத் தொட்டீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"இப்ப மட்டும் மனுஷனாவா இருக்கீங்க? செத்தவ காலடிக்குக் காவல் காத்துக்கிட்டு!"

ஓவிய வாத்தியாரின் கத்தல் கலைக்கூட வாசல்வரை கேட்டது. கத்த வைத்தவர் அவருடைய தங்கை புருஷன், கலைக்கூடத்தின் நிர்வாகி. ஒரு காலத்தில் இந்தப் பள்ளியில் இடம் கேட்டு சிபாரிசுக் கடிதத்தோடு ஆட்கள் நிற்பார்கள். இப்போது மாணவர்கள் நாலே பேர். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி மாட்டிக்கொண்டவர்கள் என்று பேச்சு. மாடி வகுப்பறை நாளை முதல் வெளியாளின் நாற்காலிக் கடை.

தரையில் இருந்தது ஒரு ஜோடிப் பாதத்தின் சாக்பீஸ் கோடு. படம் வரைய அசையாமல் உட்காரும் பெண் இடைவேளைக்கு எழுந்தால், பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள். திரும்பி வந்து அதே இடத்தில் கால் வைக்க வேண்டுமே! பதினோரு வருஷம் உட்கார்ந்தவள், போன மழைக்காலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு டீ குடிக்க இறங்கினாள். படியிலேயே மாரடைப்பு. வாத்தியார் அவளிடம் பேசியதெல்லாம் "முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க" மட்டும்தான். மனசில் இருந்ததை நாளைக்குக் கேட்கலாம் என்று பதினோரு வருஷம் தள்ளிப்போட்ட மகான்!

"அவங்க இடைவேளைக்குத்தான் போயிருக்காங்க மாப்ள" என்றார் குரல் தணிந்து.

மாப்பிள்ளை துடைத்தே விட்டார்.

ஈரத் தரை. நனைந்த சாக்பீஸ் வாசனை.

மணி மூன்று.

படியில் காலடிச் சத்தம்.

வெறுங்கால். நிதானமாக ஏறி அறைக்குள் வந்தது. ஆள் இல்லை. ஈரத்தில் சுவடு மட்டும் ஒவ்வொன்றாகப் பதிந்தது. அறை நடுவில் தயங்கியது. சுவரோரம் போனது. ஜன்னலோரம். மறுபடி நடுவில்.

இடத்தைத் தேடுகிறது.

மாப்பிள்ளை செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

வாத்தியார் முட்டிபோட்டார்.

"இங்க இனிமே இடமில்லைங்க... என்கூட வர்றீங்களா?"

காலடி நின்றது.

அப்புறம், மாப்பிள்ளை குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நாற்காலிக் கடை ஜோராக நடக்கிறது. வாத்தியார் இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறைக்குக் குடிபோனார். தங்கை போனில் பெண் பார்க்கட்டுமா என்றதற்கு, "வேண்டாம்மா, இருக்காங்க" என்றாராம்.

தீப்பெட்டி கேட்கும் சாக்கில் கீழ்வீட்டுக்காரி மாடியேறி எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. அதன் முன்னால் சாக்பீஸ் பாதங்கள். வாத்தியார் தீப்பெட்டி தேடத் திரும்பியதும், குனிந்து தொட்டாள்.

தரை முழுக்க சில்லென்று இருந்தது. கோட்டுக்குள் மட்டும் வெதுவெதுப்பு.