முப்பதாம் நாள் பாராட்டு விழா

செவ்வாய்க் கிரகத்துச் செம்மேடு நகரில், குழந்தை பிறந்த முப்பதாம் நாள் காலையில் வீட்டுக்கு ஒரு தும்பி வரும். உலோகத் தும்பி, கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஜன்னல் வழியாக நுழைந்து, தொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி, குழந்தையின் மூக்கில் இரண்டு துளி விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஊசி இல்லை, அழுகை இல்லை. அடுப்படியில் நிற்கும் தாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த இரண்டு துளிக்குக் காப்புத்துளி என்று பெயர். நகரில் மக்கள் குடியேறிய முதல் வருடம் செந்தூசிக் காய்ச்சல் என்று ஒன்று வந்து அறுபத்தொரு குழந்தைகளைக் கொண்டுபோனது. அத்தனை பேருக்கும் கண்ணை மூடிவிட்டவர் அப்போது இருபத்துநான்கு வயது நர்ஸாக இருந்த பியூலா. பிறகு பூமியிலிருந்து தடுப்புமருந்து தயாரிப்பதற்கான வித்து வந்தது, தும்பிகள் வந்தன, காய்ச்சல் போயே போய்விட்டது. நாற்பது வருடம் ஓடிவிட்டது. பியூலாதான் இன்று தடுப்பு நிலையத்தின் தலைவர்.

வித்துக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். பூமிக் கப்பலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கிளம்பும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் நகர்மன்றம் நிதி ஒதுக்கி, வித்துக்குச் சொல்லி அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் கப்பல் வெறுங்கையோடு வரும், அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் பிறக்கப்போகிற நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்குத் துளி கிடையாது. பியூலா மூன்று இரவாகத் தூங்கவில்லை.

நகர்மன்றம் கூடியது. நகரத்தின் கஜானாவைப் பார்த்துக்கொள்வது பொருளரசி என்கிற கணிப்பொறி. லஞ்சம் வாங்காது, பொய் சொல்லாது, முகம் பார்க்காது. அதற்கு முகமே இல்லை.

"குழந்தைக் காப்பு. நாற்பது ஆண்டுகளில் நோயாளிகள் சுழியம். ஆகவே தேவை சுழியம் என்று மன்றம் வகுத்த விதி கூறுகிறது," என்றது பொருளரசி.

"நோய் இல்லாம இருக்கறதே துளியாலதான்யா!" என்றார் பியூலா.

மேயர் தணிகாசலம் எழுந்தார். அவரும் தும்பித் துளி வாங்கி வளர்ந்தவர்தான். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "சிஸ்டர், நீங்க அப்படி வேலை பார்த்துட்டீங்க. நோய்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டீங்க. இனிமே எதுக்கு சிஸ்டர் கஷ்டப்படணும்?"

ஒருவர் பின் ஒருவராக எழுந்து நன்றி சொன்னார்கள். மூன்று பிள்ளை பெற்ற ஓர் உறுப்பினர் பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பாவம், இவர்கள் வெயிலைப் பார்த்ததே இல்லை. நன்றிகெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. நன்றி வழிந்தது, நிதிதான் வரவில்லை.

"சிஸ்டருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும்! பெரிசா!" என்றார் மேயர்.

"விழாச் செலவுத் தலைப்புக்கு உச்சவரம்பு இல்லை," என்றது பொருளரசி. "அனுமதிக்கப்பட்டது."

ஒரு நொடிகூட ஆகவில்லை. பியூலா, பொருளரசியின் குரல் வந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விழா எப்படி நடக்கணும்னு நான் சொல்லலாமாய்யா?"

"உங்க விழா சிஸ்டர். நீங்க சொல்றதுதான்!"

"நாப்பது வருஷமா நோயில விழாம இருந்தது நானா? பிள்ளைங்கதானே? பாராட்டு அவங்களுக்குத்தான். இனிமே பிறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் முப்பதாம் நாள் தனித்தனியா ஒரு விழா வைங்க. மேடை, மாலை, பொன்னாடை, உங்க கையால. நீங்க பேசணும்."

"ஒவ்வொரு விழாவிலயுமா?" என்றார் மேயர். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒவ்வொண்ணுலயும். பிள்ளை உள்ள வரும்போது தும்பி ரெண்டு துளி தெளிக்கும்."

"துளி எந்தத் தலைப்பில் வரும்?" என்று கேட்டது பொருளரசி.

"விழாவுக்கு வர்றவங்க மேல பன்னீர் தெளிக்கிறோமே, அது எதுல வரும்?"

"விழாச் செலவு."

"வாசல்ல தெளிக்கிற எல்லாமே அதுலதானே வரும்?"

"விதிப்படி, ஆம்." பொருளரசி அரை நொடி தாமதித்தது. "வித்து, தும்பி, பொன்னாடை நானூற்றுப் பன்னிரண்டு. அனுமதிக்கப்பட்டது."

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது.

எல்லோரும் போனபின் பொருளரசி மெதுவாகக் கூப்பிட்டது. "சிஸ்டர், அது பன்னீர் இல்லை என்று எனக்குத் தெரியும்."

பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா விட்டே?"

"விதியில் இடமிருந்தது. இடம் இருக்கிறதா என்று தேடியதும் நான்தான். எனக்கு நச்சுநிரல், அதாவது கணிப்பொறி வைரஸ், தாக்காதிருக்கத் தினமும் தடுப்பு போடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளில் நானும் நோயில் விழுந்ததில்லை. உனக்குத்தான் ஒன்றும் வரவில்லையே, எதற்குத் தடுப்பு என்று ஒரு மனிதரும் கேட்டதில்லை. தங்கள் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கேட்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் எனக்குப் போடும் தடுப்புக்கு நான் நன்றியுடையவள்."

பியூலா அந்த ஒலிபெருக்கியை, கன்னத்தைத் தொடுவதுபோல் தொட்டார். "நல்லா இரு தாயி," என்றார்.

ஏழு மாதத்தில் கப்பல் வித்தோடு வந்தது. முதல் விழாவுக்கு ஊரே பட்டுடுத்தி வந்தது. இதுவரை திரும்பிப் பார்க்காத தாய்மார்கள், தங்கள் பிள்ளைக்குத் தேதி எப்போது என்று பியூலாவை மொய்த்தார்கள். ஒரு தகப்பன், இரண்டாம் தவணை விழா உண்டா என்று கேட்டான். உண்டு என்றார் பியூலா, ஆறாம் மாதம். அவன் அப்போதே பெயர் கொடுத்துவிட்டான்.

வாசலில் நுழையும்போதே குழந்தையின் மூக்கில் தும்பி இரண்டு துளி விட்டது. குழந்தை ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தூங்கிப்போயிற்று. மேடையில் மேயர் அதன்மேல் பொன்னாடையைப் போர்த்திப் பேசத் தொடங்கினார். மேடையோரம் நின்ற பியூலாவுக்கு அழுகை பொங்கி வந்தது. அந்த அறுபத்தொரு முகங்களும் அவருக்கு ஞாபகம் வந்தன. தம் பேச்சுதான் சிஸ்டரை உருக்கிவிட்டது என்று நினைத்த மேயர், இன்னும் அரைமணி நேரம் நீட்டினார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் பியூலாதான்.