ஃபில்டர் துடைத்த பொட்டு

மணவாளன் சித்தப்பாவின் ஸ்டுடியோவுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்திருந்தது. அதைக் கையால் தொட முடியாது. கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"பிளக்-இன் ஃபில்டர்னு பேரு," என்றார் சித்தப்பா. "வூட்ல மிக்சி இருக்குதில்ல? ஒரே மிக்சிதான். ஜூஸ் ஜாரை மாட்டினா ஜூஸ் போடுது, சின்ன ஜாரை மாட்டினா சட்னி அரைக்குது. அந்த மாதிரி நம்ம போட்டோ சாஃப்ட்வேர்ல இதை மாட்டிட்டேன். இனிமே புது வேலையும் செய்யும்."

"இன்னா வேலை?" என்று கேட்டாள் மஞ்சுளா.

மஞ்சுளா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அரியூர் மெயின் ரோட்டில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்கு வந்து, சித்தப்பாவின் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றாவது சுற்றாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"முகத்துல இருக்கிற பரு, தழும்பு, கறை எல்லாத்தையும் துடைச்சிடும். நேத்து வரைக்கும் நான்தான் ஒவ்வொரு பருவா அழிச்சேன். கண்ணே பூத்துப் போச்சுடி!"

திரையில் ஒரு பேனர் தயாராகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மகாலட்சுமி அக்காவின் குழந்தை யாழினிக்கு அம்மன் கோயிலில் காதுகுத்து. பேனரின் நடுவில் யாழினியின் பெரிய சிரிப்பு. பக்கத்தில் தாய்மாமன் நாகராஜன், கூலிங் கிளாஸ் போட்டு, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக, ஆளுக்கொரு சின்னக் கட்டத்தில்.

"நான் போட்டுப் பார்க்கட்டுமா, சித்தப்பா?"

"போடு. ஆனா ஒவ்வொரு முகமா பார்த்துப் போடணும்."

அந்த நேரம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். சித்தப்பா உள்ளறைக்குப் போனார். மஞ்சுளாவுக்கோ பொறுமை இல்லை. எல்லா முகங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே அமுக்காக அமுக்கினாள்.

அடேயப்பா! நாகராஜன் மாமாவின் கன்னத்துக் குழிகள் எல்லாம் போய், முகம் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது.

சித்தப்பா வந்து அவசரமாக ஒரு பார்வை பார்த்தார். "சூப்பர்!" என்று சொல்லி, வில்லியனூரில் இருக்கும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மாலையில் பேனர் சுருட்டி வந்தது. நாகராஜனும் மகாலட்சுமி அக்காவும் வாங்கிப்போக வந்தார்கள். அக்காவின் இடுப்பில் யாழினி. சித்தப்பா பேனரைத் தரையில் விரித்தார்.

"இது நானா?" நாகராஜன் தன் முகத்தைப் பார்த்துத் தானே மயங்கிப்போனார். "சினிமாவுல கூப்பிடப் போறாங்கபா!"

மகாலட்சுமி அக்கா சிரிக்கவில்லை. பேனரையே உற்றுப் பார்த்தாள்.

"பாப்பா கன்னத்துல வெச்ச பொட்டு எங்க?"

பேனரில் இருந்த யாழினியின் கன்னம் துடைத்து வைத்தது போல இருந்தது.

"திருஷ்டிப் பொட்டு இல்லாம, இவ்ளோ பெரிய முகத்தை ரோட்டுல வெக்கிறதா? போற வர்ற பஸ் ஜனமெல்லாம் பார்க்கும். போன மாசம்தான் காய்ச்சல்ல கெடந்து எழுந்துச்சு. நான் எத்தனை ராத்திரி தூங்கல தெரியுமா?" அக்காவின் குரல் உடைந்தது. "இந்தப் பேனர் வேணாம்ண்ணா. சுருட்டிடுங்க."

நாகராஜனின் முகம் தொங்கிப்போனது. ஆசை ஆசையாய் அவர் செய்யச் சொன்ன பேனர் அது.

"இப்ப அச்சகத்தை மூடியிருப்பாங்களேம்மா," என்று தலையைச் சொறிந்தார் சித்தப்பா. "மெஷின் பண்ண தப்பு..."

"மெஷின் இல்ல, சித்தப்பா. நான்தான்." மஞ்சுளா முன்னால் வந்தாள். "ஒவ்வொண்ணா பாருன்னு சொன்னீங்க. நான் பார்க்கல. அது பொட்டையும் கறைன்னு நெனைச்சுத் துடைச்சிடுச்சு. மன்னிச்சிடுங்கக்கா."

மஞ்சுளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பைச் சொல்லிவிட்டாள், சரி. ஆனால் பொட்டு திரும்பி வரவில்லையே!

"ஒரு கறுப்பு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிடலாமா?" என்றார் சித்தப்பா.

அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

போட்டோ எடுத்த நாள் மஞ்சுளாவுக்கு நினைவு வந்தது. இதே ஸ்டுடியோவில், அக்கா மைடப்பாவைத் திறந்து விரலால் தொட்டு வைத்தாள். யாழினி கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பேனரில் இருப்பது.

"அக்கா, மைடப்பா இருக்குதா?"

"இருக்குது. எதுக்கு?"

"அன்னிக்கு நீங்கதானே பாப்பாவுக்கு வெச்சீங்க. இதுக்கும் நீங்களே வெச்சிடுங்களேன்."

அக்கா பையிலிருந்து மைடப்பாவை எடுத்தாள். பிறகு குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பேனரின் ஓரத்தில் மண்டியிட்டாள். விரலில் மை தொட்டு வைத்தாள்.

"எறும்பு உட்கார்ந்த மாதிரி இருக்குது," என்றார் நாகராஜன்.

உண்மைதான். கன்னம் அவ்வளவு பெரிது! அக்கா இன்னும் மை எடுத்தாள். வட்டம் போட்டுப் போட்டு, டப்பாவே காலியானது. கடைசியில் இட்லி அளவுக்கு ஒரு பொட்டு, கொஞ்சம் கோணலாக, கன்னத்தில் உட்கார்ந்தது. அழியாமல் இருக்க, அதன் மேல் சித்தப்பா கண்ணாடி ஸ்டிக்கரை ஒட்டினார்.

அக்கா எழுந்து நின்று பார்த்தாள். இப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எனக்கும் ஒண்ணு வெச்சிருக்கலாம்," என்று முணுமுணுத்தார் நாகராஜன். "நான்தான் ரொம்ப அழகா இருக்கேன்."

மறுநாள் கோயில் வாசலில் பேனர் நின்றது. காது குத்தியபோது யாழினி ஊரே அதிரும்படி அழுதாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, மகாலட்சுமி அக்கா மஞ்சுளாவைத் தேடி வந்தாள். புது மைடப்பா கையில் இருந்தது.

"கிட்ட வாடி."

மஞ்சுளாவின் கன்னத்தில் சின்னதாய் ஒரு பொட்டு விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

"உனக்கும் கண்ணு படக் கூடாது," என்றாள் அக்கா.

சித்தப்பா கேமராவைத் தூக்கினார். "அப்படியே நில்லு. போட்டோவைப் பளபளன்னு ஆக்கித் தரேன்."

"பருவை வேணா எடுத்துக்குங்க, சித்தப்பா," என்றாள் மஞ்சுளா. "பொட்டு மேல கை வெச்சீங்க, அப்புறம் தெரியும்!"