ட்ரெய்லர் இங்கே... லாரி எங்கே?

போன் அலறியது!

கோவில்பட்டி, எட்டயபுரம் சாலை. காலை பத்து மணி வெயிலிலேயே அந்தக் காயலான் கடையின் தகரங்கள் கொதித்தன. பழைய பம்புசெட் ஒன்றைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்த அமுதவள்ளி, கிரீஸ் படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நான் திருப்பதி பேசறேனுங்க!"

"சொல்லுங்க சார்."

"ட்ரெய்லர் கிடைச்சிருச்சுங்க!"

பம்புசெட் தராசிலிருந்து சரிந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"எங்கன?"

"விளாத்திகுளத்துல. ஒரு கரி வியாபாரிகிட்ட. நீங்க வந்து..."

"கெளம்பிட்டேன்!"

நாற்பத்தோரு வருடங்கள்...

1984. கோவில்பட்டியில் பஞ்சு ஆலை வைத்திருந்த வன்னியபெருமாளுக்குக் கார் பந்தயப் பைத்தியம். சென்னைக்கு அருகே சோழவரம் பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கு ஒரு பந்தயக் கார். அதை ஏற்றிப்போக ஒரு ட்ரெய்லர். ட்ரெய்லரை இழுக்க ஒரு லாரி. டயர்களும் சாமான்களும் ஏற்ற இன்னொரு லாரி.

காரை ஓட்டியவன் முதலாளியின் மகன். ஊர் முழுக்க அவனைச் 'சின்ன முதலாளி' என்றுதான் சொல்லும்.

ட்ரெய்லரை இழுத்த லாரியை ஓட்டியவர் கருத்தையா. அமுதவள்ளியின் அப்பா!

அந்த மாசி மாதம் பந்தயம் முடிந்து சாமான் லாரி ஊர் திரும்பியது. கருத்தையா திரும்பவில்லை. லாரி, ட்ரெய்லர், கார்... எதுவுமே திரும்பவில்லை.

'வண்டிகளைத் திருடிக்கொண்டு டிரைவர் கருத்தையா தலைமறைவு.'

முதலாளி கொடுத்த புகார் அது. போலீஸ் நம்பியது. ஊர் நம்பியது. அதே மாதம் சின்ன முதலாளி மலேசியாவுக்குப் படிக்கப் போனான். ஆலையை விற்றுவிட்டு முதலாளியும் கோயம்புத்தூரோடு போய்விட்டார்.

ஆறு வயசு அமுதவள்ளிக்கு மட்டும் ஒரு புதுப் பெயர் மிச்சம்.

'கார் திருடன் மவ!'

அவள் அம்மா அழகுத்தாய் தாலியைக் கழற்றவும் முடியாமல், தடவிப் பார்த்து நிம்மதியாகத் தூங்கவும் முடியாமல் இருபத்தாறு வருடம் வாழ்ந்தாள். சாகும்போதும் நெற்றியில் பொட்டு இருந்தது.

"ஒங்கப்பா வந்தா... சோறு போடுட்டி."

அதுதான் கடைசிப் பேச்சு.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் திருப்பதி கடைக்கு வந்தார். அறுபது வயது. நரைத்த தாடி. கோயம்புத்தூர்ப் பேச்சு. பழைய பந்தயக் குழுக்களின் வண்டிகளைத் தேடிப் பிடிப்பது தன் வேலை என்றார்.

"வன்னியபெருமாள் டீமோட லாரிங்க, ட்ரெய்லர்... உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா? இரும்புக் கடைக்கு வராத வண்டி கிடையாதில்லீங்களா?"

அமுதவள்ளி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த லாரிய ஓட்டுனவியதான் எங்கப்பா."

திருப்பதி குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருமாய்த் தேடினார்கள். சாமான் லாரி கயத்தாறில் தண்ணீர் டேங்கராக ஓடி, ஓய்ந்து, துண்டு துண்டாகிவிட்டது தெரிந்தது. மற்றது?

இதோ... விளாத்திகுளம்!

வேலிக்கருவைக் கரி மூட்டைகள் மலையாகக் கிடந்த கொட்டடி. வியாபாரி சின்னக்கருப்பன் தலைமுதல் கால்வரை கரியாக நின்றார்.

"இதாம்மா வண்டி. நல்லாப் பாரு."

துரு. கரி. மூன்று தரம் அடித்த பெயின்ட். அமுதவள்ளி குனிந்து சட்டத்தைச் சுரண்டினாள். கார் சக்கரம் ஏறுவதற்கான இரண்டு இரும்புத் தடங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் குத்தியிருந்த எண். போலீஸ் புகாரின் நகலில் இருந்த அதே எண்!

அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தபடியே நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி... இது ஒங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்க அய்யா வாங்குனதும்மா. எம்பத்திநாலுல. இடைசெவலுக்கு மேக்க ஒரு கல்குவாரி இருக்குல்லா? அங்கன இருந்த வாட்ச்மேன் குடுத்துருக்கான்."

"யாரு குவாரி?"

"வன்னியபெருமாள் மொதலாளி குவாரிதான். அந்த வருசத்தோட வேலைய நிறுத்திட்டாவ."

திருப்பதி கரி மூட்டையில் கை ஊன்றிக்கொண்டார்.

"வாட்ச்மேன் இருக்காருங்களா?"

"அவன் செத்து இருவது வருசமாச்சு. ஆனா ஒண்ணு... எங்க அய்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. 'ட்ரெய்லர் சரி, லாரி எங்கலே'ன்னு கேட்டதுக்கு அந்தப் பய, 'லாரி தண்ணி குடிக்கப் போயிருக்கு'ன்னானாம்!"

அமுதவள்ளி சிரிக்கவில்லை.

அந்தக் குவாரிப் பள்ளத்தை அவளுக்குத் தெரியும். அறுபதடி ஆழம். எந்தக் கோடையிலும் வற்றாத பச்சைத் தண்ணீர்...

"சார்... வண்டிய எடுங்க. ஸ்டேஷனுக்குப் போவோம்!"

இன்ஸ்பெக்டர் முத்துசெல்வி மனுவை இரண்டு முறை படித்தாள்.

"நாப்பத்தோரு வருச கேஸும்மா. பள்ளத்துல ஒண்ணும் இல்லன்னா?"

"இல்லன்னா நான் திருடன் மவளாவே போறேன் மேடம். புதுசா என்ன வந்துரப் போவுது?"

முத்துசெல்வி பேனாவை மூடினாள். தாசில்தாருக்குப் போன் போட்டாள்.

குவாரித் தண்ணீரை இறைக்க மூன்று மோட்டார்கள். நான்கு நாட்கள்.

ஐந்தாம் நாள் காலை சேற்றுக்கு மேலே ஒரு கூரை தெரிந்தது.

லாரி!

சுற்றியிருந்த கரிசல் காட்டில் கம்பு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். கிரேன் உறுமியது. சங்கிலி இறுகியது. சேறும் தண்ணீரும் ஒழுக ஒழுக அந்தத் துருப்பிடித்த பூதம் மேலே வந்து பாறையில் உட்கார்ந்தது. முன்பக்கம் இடதுபுறமாக நசுங்கியிருந்தது.

கிரேன்காரன் கடப்பாரையோடு வலது பக்கம் போனான். டிரைவர் கதவு.

"ஏலே! அங்கன இல்லலே! எடது கதவப் பாருலே!"

கத்தியது... திருப்பதி!

கிரேன்காரன் இடதுபுறம் ஓடினான். கதவைப் பெயர்த்தான். அது விழுந்ததும் கூட்டம் ஒரே மூச்சாகப் பின்வாங்கியது.

கிளீனர் உட்காரும் இருக்கை. அதில் சேறு பூசிய எலும்புகள்...

முத்துசெல்வி கையுறையோடு குனிந்தாள். மட்கிய காக்கித் துணியிலிருந்து ஒரு பித்தளை பேட்ஜை எடுத்தாள். தேய்த்தாள். பழைய கேஸ் கோப்பைப் பார்த்தாள்.

"டிரைவர் பேட்ஜ். நம்பர் சரியா இருக்கு. அமுதவள்ளி... உங்க அப்பாதாம்மா."

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அழவில்லை. சேற்றில் மண்டியிட்டாள். அந்த எலும்புக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"அப்பா... அம்மா சோறு போடச் சொன்னாப்பா. இம்புட்டுப் பக்கத்துலயா இருந்தீய? பஸ்ல எட்டு ரூவா தூரம்ப்பா. தெனம் இந்த ரோட்டுலதான போனேன்..."

கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள்.

வெகுநேரம் கழித்து அமுதவள்ளி எழுந்தாள். திரும்பினாள். நேராகத் திருப்பதியிடம் வந்தாள்.

"சார். எங்கப்பா டிரைவர். வலது பக்கந்தான இருக்கணும்? எடது கதவப் பாருன்னு எப்படிச் சொன்னீய?"

"அது... அந்தப் பக்கம் நசுங்கியிருந்துச்சுங்க, அதனால..."

"மூணு மாசமா வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டீய. இன்னைக்கு மட்டும் ஏலேன்னு வாய்ல வந்துச்சே... அது எந்த ஊருப் பேச்சு?"

திருப்பதி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

முத்துசெல்வி மெல்ல நடந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"சொல்லுங்க. யாரு நீங்க?"

அறுபது வயது மனிதர் பாறையில் அப்படியே உட்கார்ந்தார்.

"நான்தான்... சின்ன முதலாளி."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"அன்னைக்கு சோழவரத்துல தோத்துட்டேன். கடைசியா வந்தேன். வழியெல்லாம் குடிச்சேன். சாத்தூர் தாண்டினதும் லாரிச் சாவியப் பிடுங்கினேன். 'வேண்டாம்யா, நான் ஓட்டுதேன்'னு கெஞ்சினாரு. கேக்கல. கிளீனர் சீட்ல உக்காரச் சொன்னேன். ஊருக்கு நாலு மைல்ல... புளியமரம். அவர் பக்கம் அப்படியே அப்பிருச்சு."

"உயிரு இருந்துச்சா?"

அவர் அமுதவள்ளியின் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.

"கேக்கேன்லா? உயிரு இருந்துச்சா?"

"தண்ணி... கேட்டாரு."

அமுதவள்ளி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்க?"

"ஓடிட்டேன். ஓடிப்போய் எங்க அப்பாகிட்டச் சொன்னேன். 'நீ ஒண்ணும் பாக்கல, நான் பாத்துக்கிடுதேன்'னாரு. மறுநாளே என்னை ரயில் ஏத்திட்டாரு. லாரிய, அவர என்ன செஞ்சாங்கன்னு நான் கேக்கவே இல்ல. கேக்கப் பயம். கார மட்டும் பிரிச்சு வித்துட்டதா பின்னால தெரிஞ்சுது."

"பெறகு எதுக்கு இப்பத் தேடுனீய?"

"போன தையில அப்பா செத்துட்டாரு. கடைசி நாள்ல காலப் புடிச்சுக் கேட்டேன். 'ட்ரெய்லர கழட்டிக் குடுத்தாச்சு'ன்னு மட்டும் ஒளறினாரு. ட்ரெய்லரப் புடிச்சா லாரியப் புடிக்கலாம்னு நெனைச்சேன். நான் தேடினது வண்டிய இல்லம்மா. உங்க அப்பாவ. உன்கிட்ட குடுத்துரணும்னு..."

"கடைக்கு வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நூறு தடவ வாயத் தொறந்தேன். நீ டீ வாங்கிக் குடுத்த. சாப்பிட்டீங்களான்னு கேட்ட. முடியல."

முத்துசெல்வி சைகை காட்டினாள். இரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் திமிறவில்லை.

அமுதவள்ளி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சேறுதான் கூடுதலாக அப்பியது.

"மேடம், அந்த ஃபைல்ல தலைமறைவுன்னு இருக்கே..."

"இன்னைக்கே மாத்திருவேன்மா."

"எங்கம்மா இருந்து பாக்கலயே மேடம்."

முத்துசெல்வி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஜீப்பில் ஏறும் முன் திருப்பதி திரும்பினார். கை கூப்பினார்.

"மன்னிப்புக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஒரு வார்த்தை... ஏசவாச்சும் ஏசிரும்மா."

அமுதவள்ளி ஜீப்பை நெருங்கி வந்தாள். கண்ணீர் இப்போதுதான் இறங்கியது. குரல் மட்டும் உடையவில்லை.

"நாப்பத்தோரு வருசம் நிக்காம ஓடியிருக்கீய... கடைசியில, வச்ச எடத்த விட்டு ஒரு இஞ்சுகூட நகராத மனுசங்கிட்டத் தோத்துட்டீயளே, சின்ன மொதலாளி!"