ஊறவைத்த துண்டு

“உட்கார்ந்தே எட்டு கிலோ ஏத்திக்கிட்டா... அந்த முட்டிதான் பாவம், என்ன பண்ணும்!”

டீ டம்ளரை நீட்டிய அவள் கை அப்படியே நின்றது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த புருஷன், விடிந்தும் விடியாததுமாக வாயிலிருந்து விடும் வார்த்தையா இது?

“நானா உட்கார்ந்திருக்கேன்? இந்த வீட்டுக்கு ஓடாத் தேயறேங்க!”

“ஆமா, தேயறா! தேஞ்சா எடை குறையணும். உனக்குக் கூடியில்ல இருக்கு?”

ஒன்பது வருடத்துக்கு முன் வைத்த செயற்கை முட்டி அது. மேலும் கீழும் உலோகம், நடுவில் விரல் கனத்துக்குப் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து, அதன் தூள் எலும்பை அரிக்கத் தொடங்கிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. இவரோ, முதலில் எடையைக் குறைக்கட்டும், அப்புறம்தான் ஆபரேஷன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நல்ல கால் இரண்டும் இருப்பவருக்கு அது சுலபம்தான்.

மாடியில் மணி அடித்தது. படுத்த படுக்கையாய் இருக்கும் மாமனாருக்கு வெந்நீர் வேண்டும். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தாள்.

“அத்தை, ஒரு நிமிஷம்...”

வேலைக்குக் கிளம்பி நின்ற மருமகள். செயற்கை மூட்டுகளை மெஷினில் மாட்டிச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் அவளுக்கு வேலை.

“உங்க இடுப்புல மாட்டின மெஷினைக் கொடுங்க. இன்னையோட ஒரு வாரம் முடிஞ்சுது.”

நடக்கும் அடிகளை எண்ணுகிற சின்னக் கருவி. ஒரு வாரமாகவே அது இடுப்பில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. பிடுங்கி நீட்டினாள்.

“எடுத்துக்கோம்மா! நான் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தேன்னு உன் மாமாகிட்ட காட்டணும், அவ்வளவுதானே? பெத்த பொண்ணாட்டம் வச்சிருந்தேனே... நீயும் என்னை வேவு பார்த்தியா?”

மருமகள் கருவியை வாங்கிக்கொண்டாள். பிறகு தன் மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, உங்க சட்டைப் பையில இருக்கறதையும் கொடுங்க.”

“இந்தா! லேப்புக்கு வேணும்னியே, ஒரு நாள் கூட மறக்கலை” என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தார். அவரிடமும் ஒன்று இருந்தது என்பதே படியில் நின்ற அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

மருமகள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“எங்க லேப்ல இந்த முட்டி பிளாஸ்டிக்கை ஒரு திரவத்துல போட்டு, மெஷின்ல லட்சக்கணக்கான அடி நடக்க வைப்போம் மாமா. கழட்டி எடை போட்டா, சில சமயம் கூடியிருக்கும்.”

“தேஞ்சது எப்படிம்மா கூடும்?”

“திரவத்தைக் குடிச்சிருக்கும்! சேர்ந்த புதுசுல நான் அதைப் பார்த்து, ‘தேயவே இல்லை’ன்னு எழுதிக் கொடுத்துட்டேன். மேனேஜர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். அதுக்காகத்தான் இன்னொரு துண்டை அதே திரவத்துல சும்மா ஊறவைக்கறது. அது நடக்காது, தேயாது, குடிக்க மட்டும் செய்யும். ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான், நடந்தது எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரியும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அத்தை ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் அடி. மாடிக்கு மட்டும் இருபத்தாறு தடவை. அவங்க உடம்புல கூடினது பாதி நீர், காலைப் பாருங்க எப்படி வீங்கிக் கிடக்குன்னு! வருஷக் கணக்கு இல்ல மாமா, அடிக்கணக்குலதான் பிளாஸ்டிக் தேயும்.”

“என்னுது?”

“எழுநூறு.”

“அப்ப நான்...”

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா... நீங்கதான் ஊறவைச்ச துண்டு.”

படியில் நின்றவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. அடுத்த நொடியே அது அழுகையாகிவிட்டது. கைப்பிடியில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். ஓடிவந்த மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“உன்னைப் போய்... என்ன பேச்சுப் பேசிட்டேன்!”

“முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வேணும்னே குறைச்சு நடப்பீங்க அத்தை, மாமா மானத்தைக் காப்பாத்த. எனக்குத் தெரியாதா?”

மணி மறுபடி அடித்தது. அவர் எழுந்து வந்து சொம்பை வாங்கிக்கொண்டார். மாடியிலிருந்து வெகுநேரம் யாருடனோ போனில் பேசும் குரல் கேட்டது. இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது.

“திங்கக்கிழமை அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க.” கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. “ஓடாத் தேயறேன், ஓடாத் தேயறேன்னு நீ சொல்லும்போதெல்லாம் வாய்ப்பேச்சுன்னு நினைச்சேன்டி... நிஜமாவே தேஞ்சு போயிருக்கியே!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். தன்னுடைய கருவியை எடுத்து அவர் சட்டைப் பையில் மாட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆறிப்போன அந்த டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இனிமே நீங்க நடங்க. நான் கொஞ்ச நாள் ஊறிக்கறேன்.”