ஞாயிற்றுக்கிழமைக் கோடுகள்

போடி கடைவீதியில் சுகிர்தம் நடத்தும் ஸ்டூடியோவுக்கு மூன்றாம் தடவையாக வந்து நின்றார் குருசாமி. ஏலக்காய் வியாபாரி, மனைவி இறந்து ஒன்பது மாதமாகத் தனியாள். டிஜிட்டல் கேமராவை மேசைமேல் வைத்தார்.

"படம் பூராக் கோடும்மா. வீட்டு வேலைக்கு வர்ற ராமுத்தாய்தான் கீழ போட்டிருக்கணும். இந்த வாரத்தோட அவளை நிப்பாட்டிருவேன்."

தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்ற சுயம்புலிங்கம் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படங்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே காட்சி: ஜன்னலுக்கு வெளியே முல்லைக்கொடி.

"தினமும் இதையேவா?"

"அவ வச்ச கொடி. ஆறு மணிக்கு ஒண்ணு எடுப்பேன்." குருசாமி கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கோடு விழுந்ததெல்லாம் ஞாயித்துக்கிழமை சார்!" சுகிர்தம் துள்ளினாள். "ராமுத்தாய் வீடு கழுவுற நாளு. அவளேதான்!"

"கீழ விழுந்த கேமரா திங்கக்கிழமை எப்படித் தாயி தானாக் குணமாச்சு?" என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

அந்த ஞாயிறு மாலை மூவரும் குருசாமியின் வீட்டில் இருந்தார்கள். ராமுத்தாய் கதவோரம் நின்றாள்.

"ஏழு வருசமாக் கழுவுறேன். ஒரு டம்ளர் நெளிஞ்சிருக்குமா? கேட்டுச் சொல்லுங்கய்யா."

"வழக்கம்போல எடுங்க" என்றார் சுயம்புலிங்கம்.

கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க, குருசாமி கேமராவை மனைவியின் தையல் பெட்டிமேல் வைத்தார். சுவரிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குள் போயிற்று. பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு அது திடீரென்று உறுமியது: டிர்ர்... டிர்ர்...

"ஞாயித்துக்கிழமையானா இதுக்கும் கிறுக்குப் பிடிச்சிரும்" என்றாள் ராமுத்தாய்.

குருசாமி பொத்தானை அழுத்தினார். படம் முழுக்கக் கோடுகள்.

"பெட்டிக்குள்ள என்ன?" என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

"அவ செல்போன். அவ சொருகின சார்ஜர். கழட்ட மனசு வரல."

"அழைப்பு வந்தா செல்போன் டவருக்குப் பதில் அலை விடும். ரேடியோவுக்கு அது உறுமல். கேமராவுக்குள்ள வெளிச்சம் ரொம்பச் சின்ன மின்சாரமா மாறுது. அதுல இந்த அலை கலந்தாக் கோடு. ஒரு முழம் தள்ளி வச்சா ஒண்ணுமில்ல."

"மணி அடிக்கலையே!" என்றாள் சுகிர்தம்.

"சத்தத்தை அணைச்சு வச்சிருக்காக. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு முன்னெல்லாம் எங்கன இருப்பீக?"

"கோயில்ல..." குருசாமியின் குரல் இறங்கியது.

ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாகய்யா. அவுக போனப்புறமும் அழைப்பு வருதுன்னு எனக்குத் தெரியாது."

குருசாமி கேமராவைப் பக்கத்தில் இறக்கி வைத்துப் பெட்டியைத் திறந்தார். ஊசிநூலுக்கு அடியில் போன். தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே பெயரில்: நதியா. விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதற்காக நான்கு வருடமாக அவர் பேசாத மகள். சாவுக்கு வந்தபோதும் அவர் முகம் கொடுக்கவில்லை.

"அம்மா இல்லேன்னு தெரியுமே. பிறகும் யாருக்கு அடிக்கிறா?"

"உங்க நம்பருக்கு அடிக்கப் பயம்போல" என்றார் சுயம்புலிங்கம்.

ரேடியோ மறுபடி உறுமியது. ஒரு கணம் கழித்தே போனில் வெளிச்சம் வந்தது.

"நாளைக்கும் வந்திரு, ராமுத்தாயி" என்றபடி குருசாமி அதைக் காதில் வைத்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பாதான் பேசுறேன். முல்லை பூத்திருக்கு. வந்து பாக்குறியா, ஆத்தா?"

பக்கத்தில் கேமராவின் திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. சுகிர்தம் அணைக்கப் போனாள். சுயம்புலிங்கம் வேண்டாமென்று தலையசைத்தார்.